ஒருசாலை மாணாக்கர்

உலகின்கண் மக்களுக்கு வாய்க்கும் உறவு இருவகைப்படும். ஒன்று பிறப்பினால் வருவது. மற்றொன்று தெரிவினால் வருவது. தாய் தந்தையர், உடன்பிறந்தார், மாமன் மைத்துனர் என்போர் முதல் வகையினர். ஆராய்ந்து கொள்ளப்பட்ட நண்பர் இரண்டாம் வகையினர். இவ்விரண்டனுள்ளும் அடங்காது நிற்கும் உறவு ஒன்றுண்டு. அஃது ஒருசாலை மாணாக்கர் உறவாம். ஒரு வாங்கிலே யார் பக்கத்தில் யார் இருப்பது என்பதைக் குருதியும் தீர்மானிக்கவில்லை. எமது விருப்பமும் தீர்மானிக்கவில்லை. பிறந்த ஆண்டும், வீட்டுக்கும் பாடசாலைக்கும் இடையிலுள்ள தூரமும், ஆசிரியர் கைநீட்டிக் காட்டிய இடமுமே தீர்மானித்தன.

இங்ஙனம் தானாக நேர்ந்த ஓர் உறவுக்கு நாற்பது ஆண்டு கழிந்த பின்னும் எம்மீது உரிமை உண்டோ? உத்தியோகத்தினின்று இளைப்பாறும் ஒருவர், பதினாறு வயதிலே தம்மோடு உடனிருந்த ஒருவரைத் தேடிச் செல்லுதல் கடனோ, அன்றி வெறும் பொழுதுபோக்கோ? இவ்வினாவை ஆசிரியராகிய நாம் ஆராய்தல் தகும். வாங்கிலே பிள்ளைகளை இருத்துவோர் நாமே ஆதலின் என்க.

யாழ்ப்பாணத்திலே இவ்வினா பிறவிடங்களினும் கூர்மையுடையது. எண்பதுகளில் உயர்தர வகுப்புகளில் இருந்தோர் முன்னெக் காலத்து மாணாக்கரும் சிதறாதவாறு சிதறினர். 1983ஆம் ஆண்டு ஆடிக் கலவரத்தின் பின்னர்ப் பலர் கடல் கடந்தனர். 1990ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் வடபகுதி முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, எம் வகுப்புகளில் இருந்த அம்மரபினரும் புத்தளம் முதலிய இடங்களுக்குப் போயினர். 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆந் திகதி இரவு இணுவில் உட்பட வலிகாமத்து மக்களிற் பெரும்பாலார் கையிற் கிடைத்ததை எடுத்துக்கொண்டு தென்மராட்சி நோக்கி நடந்தனர். 1990 தொடங்கி 2014 வரை யாழ்ப்பாண நகருக்குப் புகைவண்டி வரவில்லை. போர் 2009ஆம் ஆண்டு மே மாதத்தில் முடிந்தபோது ஒரே வகுப்பினர் தொறன்ரோவிலும், இலண்டனிலும், சிட்னியிலும், கொழும்பிலும், இணுவிற் செம்மண்ணிலுமாகப் பிரிந்திருந்தனர். சிலர் மண்ணுக்குள் இருந்தனர். சிலர் எங்கே என்பது இன்றுவரை எவர்க்குந் தெரியாது.

எம்மினுஞ் சற்று மூத்த வகுப்பினர் இப்பொழுது இளைப்பாறிவிட்டனர். எம் வகுப்பினர் அவ்வாயிலிலே நிற்கின்றனர். ஓய்வு கிட்டும் வயதும் எல்லார்க்கும் ஒன்றன்று. இங்கே அரசாங்க ஆசிரியர் 60 வயதில் இளைப்பாறுகின்றார். கனடாவில் உள்ளவர் முதியோர் உபகாரச் சம்பளத்துக்கு 65 வயது வரை காத்திருக்கின்றார். புகையிலையும் வெங்காயமுஞ் செய்யும் தோட்டக்காரருக்கோ இளைப்பாறும் நாளென்று ஒன்று இல்லை. முதுகு வளைந்து நில்லாத நாளே அவருக்கு அந்நாள். ஆயினும் கைத்தொலைபேசி எல்லாரையும் ஒன்றுகூட்டியது. வகுப்புத்தோறும் ஒரு வட்ஸ்அப் குழு எழுந்தது. காலையில் ஒரு வணக்கம், பழைய படம் ஒன்று, இறந்தாருக்கு ஓர் அஞ்சலி என்று அது நடக்கின்றது. இது நன்றேயாயினும் இதனோடு எல்லாம் முடிந்ததெனக் கொள்ளல் ஆகாது.

ஒருசாலை மாணாக்கர் உறவின் தனிச்சிறப்பு யாது என முதற்கண் காண்போம். வரவு இடாப்பை நினைந்து பாருங்கள். அதிலே பெயருக்கு முன்னே பட்டம் இல்லை. பெயருக்குப் பின்னே பதவி இல்லை. வைத்தியர் மகனுக்கும் கூலிக்காரர் மகனுக்கும் அதிலே ஒரே அளவான கட்டம். வீட்டிலும் வீதியிலும் ஏற்றத்தாழ்வு இருந்தது உண்மையே. வகுப்பறைக்குள்ளும் அது சிலவேளை புகுந்தது உண்மையே. எனினும் ஒருவன் இன்னான் ஆவான் என்று எவருமறியாத காலத்தில், அவனை அவனாகவே அறிந்தவர் உடன்கற்றோரே. பின்னாளில் வந்தோர் எல்லாரும் எம்மை உத்தியோகத்தோடு சேர்த்தே அறிந்தனர். இளைப்பாறும் நாளில் அவ்வுத்தியோகம் கழன்று விழுகின்றது. அப்போது, அதற்கு முன்னே எம்மை அறிந்தவர் யாவர் என்ற கேள்வி எழுகின்றது. நேற்று வரை கந்தோரிலே எல்லாரும் எழுந்து வணங்கிய பணிப்பாளரை, ‘என்ன மச்சான், எப்படி இருக்கிறாய்?’ என்று பள்ளிக்காலப் பட்டப்பெயர் சொல்லி விளிப்பவர் வேறெவர்?

இனி, இவ்வுறவு கெடும் வழியைப் பாரதம் காட்டும். துரோணரும் துருபதனும் ஒருசாலை மாணாக்கர். அரசனான பின்னர்த் துருபதன், வறியவராய் வந்த துரோணரை நோக்கி, நட்பு ஒத்தாரிடத்தன்றி உண்டாகாது என்று தள்ளினான். அவன் குற்றம் யாவரும் அறிந்தது. துரோணர் குற்றமோ பலராலும் எண்ணப்படுவதில்லை. அவர் அருச்சுனனைக் கொண்டு துருபதனைக் கட்டுவித்து, நாட்டிற் பாதியைத் தாம் எடுத்து, மற்றைப் பாதியை அவனுக்கு அளித்து, இனி நாம் ஒத்தவரானோம் என்றார். துருபதன் நட்பை நாட்டினால் அளந்தான். துரோணரும் அவ்வளவுகோலையே கையில் எடுத்தார். ஆதலின் அங்கே நட்பு மீளவில்லை. துருபதன் வேள்வியிற் பெற்ற மகனே பின்பு துரோணருக்குக் கூற்றாயினான்.

குசேலர் கதை இதன் மறுதலை. அவரும் கண்ணபிரானும் சாந்தீபினி முனிவரிடத்து உடன்கற்றோர். குசேலர் பெற்ற செல்வத்தையே யாவரும் வியப்பர். யாமோ அதற்கு முன்னே நிகழ்ந்ததைப் பெரிதாகக் கொள்வோம். செல்வர் வறியவருக்குக் கொடுக்குமுன், எனக்கு என்ன கொண்டுவந்தாய் என்று கேட்டார். கந்தையில் முடிந்த அவலை வாங்கி உண்டார். கொடுப்பவர் முதலிலே கொள்பவரானமையின், கொள்பவர் தாழ்ந்தவராகவில்லை.

இவ்விரு கதையும் எமது ஊர்க்கு எங்ஙனம் பொருந்தும் எனின், கூறுதும். 2022ஆம் ஆண்டிலே இலங்கை நாணயம் வீழ்ந்தது. ஆண்டின் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் நின்ற ஒரு டொலர் சில மாதங்களில் 360 ரூபா அளவுக்கு ஏறிற்று. கடல்கடந்த சகபாடியின் சேமிப்பு ஊரிலே பெருகிற்று. ஊரிலிருந்த சகபாடியின் உபகாரச் சம்பளம் மருந்துக் கடைக்கும் போதாதாயிற்று. ஒரே வாங்கில் இருந்த இருவருக்கிடையே அவ்வாண்டு நிகழ்ந்த விலகல், அதற்கு முன் முப்பது ஆண்டில் நிகழ்ந்ததற்குக் குறைந்ததன்று. அக்காலத்திற் பணம் அனுப்பியோர் பலர், அது பெருந்தருமம். ஆயினும் அனுப்பியவர் அனுப்புபவராகவே நின்று, பெற்றவர் பெறுபவராகவே நின்றால், சில நாளில் ஒருவர் தொலைபேசியை எடுக்கக் கூசுவர். மற்றவர் மணி அடிக்கும்போதே, என்ன கேட்கப்போகின்றாரோ என்று அஞ்சுவர். இது துருபதன் அளவுகோல் மீண்டும் வந்ததேயாம். இதற்கு மருந்து, ஊருக்கு வரும்போது மூன்று நட்சத்திர விடுதியில் விருந்து வைத்தலன்று. சகபாடி வீட்டுத் திண்ணையில் இருந்து அவர் தரும் தேநீரை வாங்கிக் குடித்து, அவர் கட்டித் தரும் பனங்கட்டியைப் பெட்டியில் வைத்துக்கொண்டு போதலாம்.

இங்கே ஒரு தடை எழும். முதுமையிற் பற்றை விடுதலன்றோ நம் சமயத்தார்க்கு நெறி? வீட்டையும் பிள்ளைகளையும் பற்றிய கட்டே தளரவேண்டிய பருவத்தில், மறந்துபோன பழைய கட்டொன்றைத் தேடி இறுக்கிக்கொள்ளுதல் என்னை? எனின், நன்று வினாவினீர். பற்று வேறு, அன்பு வேறு. பற்றின் அடையாளம் ‘எனது’ என்பது. பழைய நாளின் என் ஓட்டத்தையும், என் பாட்டையும், என் குறும்பையும் நினைப்பூட்டுவார் வேண்டும் என்று ஒருவரைத் தேடின், அவர் தேடியது நண்பரையன்று, தம் இளமையை. அத்தகையோர் கூட்டத்தில் மூன்றாம் நாளே பேச்சு வற்றும். இன்றைய நோயோடும், இன்றைய கடனோடும், மகனை இழந்த துயரோடும் உள்ள இவர் எப்படி இருக்கின்றார் என்று கேட்கச் செல்வது அன்பு. அது ‘யான்’ என்பதைத் தடிப்பிப்பதன்று, தேய்ப்பது. பட்டமும் பதவியுங் கேளாது எம் பட்டப்பெயரை நினைவில் வைத்திருப்பவர் முன்னே எவருடைய செருக்கு நிமிர்ந்து நிற்கும்?

மற்றொரு தடையும் உண்டு. ஆராய்ந்தே நட்புக் கொள்க என்பது திருவள்ளுவர் கருத்தன்றோ. ஆராயாது வாய்த்த சகபாடியை நட்பாகக் கொள்ளுதல் எங்ஙனம் எனின், அந்நூலின் அதிகார வைப்பு முறையே விடை தரும். 80ஆம் அதிகாரம் நட்பாராய்தல். அதனை அடுத்த 81ஆம் அதிகாரம் பழைமை. நட்புக் கொள்ளுமுன் ஆராய்தல் வேண்டும். நெடுங்காலம் பழகிய பின்னரோ, பழகியவர் உரிமையாற் செய்வதைப் பொறுத்தல் வேண்டும். நாற்பது ஆண்டின் பின் ஒருவரைப் புதிதாகச் சோதித்து, இவர் நம் தகுதிக்கு ஏற்றவரா என நிறுத்துப் பார்ப்பது, பழைமைக்குரிய இடத்திலே நட்பாராய்தலை வைப்பதாகும். தீயாரோடு கூடி நடக்கவேண்டும் என்பது எம் கருத்தன்று. நலம் விசாரித்தலுக்குத் தகுதி பார்த்தல் வேண்டா என்பதே கருத்து.

சமய வேறுபாடு இவ்வுறவைத் தடுக்குமோ எனின், தடுக்காது. யாழ்ப்பாணத்திலே மிஷன் பாடசாலைகளிற் கற்ற சைவர் மிகப் பலர்; இதனை எழுதுவோரும் அவருள் ஒருவர். ஆறுமுக நாவலர் வெஸ்லியன் மிஷன் பாடசாலையிற் கற்று, அங்கே கற்பித்து, பேர்சிவற் பாதிரியாருக்கு விவிலிய மொழிபெயர்ப்பில் உதவியவர். 1848ஆம் ஆண்டிலே வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். கற்ற இடத்தினால் அவர் சைவம் குறையவில்லை. இன்று ஒருவர் தேவாலயத்துக்கும், ஒருவர் பள்ளிவாசலுக்கும், ஒருவர் இணுவிற் கந்தசுவாமி கோயில் மஞ்சத் திருவிழாவுக்குஞ் செல்லினும், ஒருவர் வீட்டுத் துயருக்கு மற்றவர் சென்று நிற்றல் கூடும். தம் நெறியில் உறுதியுடையார்க்கு அது எளிது.

பழைய மாணவர் சங்கங்கள் இருக்கின்றனவே. அவை போதாவோ என்பாரும் உளர். சங்கங்களின் பயனை யாம் மறுப்போமல்லோம். வட்டுக்கோட்டைச் செமினரி 1855ஆம் ஆண்டிலே மூடப்பட்டபின், அங்கே கற்றோர் முதலானோரின் முயற்சியினால் 1872ஆம் ஆண்டில் யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தது. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்கும் பரியோவான் கல்லூரிக்கும் இடையே 1904ஆம் ஆண்டிலே தொடங்கிய கிரிக்கெற் போட்டியைக் காணக் கடல்கடந்தும் பழைய மாணாக்கர் வருகின்றனர். சங்கம் மண்டபங் கட்டும், புலமைப்பரிசில் கொடுக்கும். ஆனால் சங்கத்தின் இடாப்பிற் சந்தா கட்டியவர் பெயரே இருக்கும். வகுப்பு இடாப்பிலோ எல்லார் பெயரும் இருந்தது. சாதாரண தரப் பரீட்சையிற் சித்தியெய்தாது விலகியவர், பத்தாம் வகுப்பிலே தகப்பன் இறந்ததனால் தோட்டத்துக்குப் போனவர், 1990இல் ஊர் இழந்து போனவர், மணமானபின் கணவர் பெயரோடு அறியப்பட்டுத் தேடுதற்கு அரியராகிய பெண்கள், போரிற் காணாமற்போனவரின் முதிய தாய்மார் ஆகிய இவர்கள் பெயர் எந்தக் குழுவிலும் இல்லை. தாமாக வந்து சேரமாட்டார், வரக் கூசுவர்.

ஆதலின் எடுத்த வினாவுக்கு விடை இதுவாகும். ஒருசாலை மாணாக்கர் உறவு கடனே. அக்கடன் தமக்கு மகிழ்ச்சி தருவாரிடத்துத் தீர்வதன்று. தம்மிடம் தருதற்கு ஒன்றும் இல்லை என எண்ணி ஒதுங்கினாரைத் தேடிச் சேருமிடத்தே தீர்வது. மற்றையோரோடு பேசுதல் இன்பம். இவரைத் தேடுதல் அறம்.

ஆசிரியர்களே! இளைப்பாறும் நாள் எமக்கும் அணித்தாய் உள்ளது. பாடசாலை அலுமாரிகளிற் பழைய இடாப்புகள் செல்லரித்துக் கிடக்கின்றன. போரிலும் இடப்பெயர்விலும் பல அழிந்தொழிந்தன. எஞ்சியவற்றைக் காத்தல் எம் தொழிலுக்கு உரிய பணி. ஒவ்வொருவரும் தம் வகுப்பின் பெயர்களை நினைவிலிருந்து ஒரு தாளில் எழுதுக. நாற்பது பேர் இருந்த வகுப்பிலே இருபத்தைந்து பெயர்தான் நினைவுக்கு வருமாயின், வராத பதினைந்துமே முதலிற் றேடத்தக்கவை. இன்று எம் முன்னே வாங்கில் இருக்கும் பிள்ளைகளை, கெட்டிக்காரரை ஒருபுறமும் மந்தரை ஒருபுறமுமாகப் பிரித்து இருத்தாது கலந்து இருத்துக. இவர்கள் அறுபது வயதில் யாரை யார் தேடுவர் என்பது, இவர்கள் பன்னிரண்டு வயதில் யார் அருகில் யார் இருந்தார் என்பதனாலே பெரும்பாலும் அமையும்.