மூடிய சிலிண்டருக்குள்

1996-ஆம் ஆண்டோடு தயாரிப்பு நின்றுபோன யமஹா ஆர்.எக்ஸ். 100 வண்டியின் எஞ்சின் மேற்பகுதியை வீட்டுத் திண்ணையிலேயே பிரித்து வைத்திருக்கிறோம். சிலிண்டர் ரீபோர் ஆகி, அதற்கேற்ற பிஸ்டனும் ரிங்குகளும் வந்துவிட்டன. பிஸ்டன் பின்னை இருபுறமும் பூட்டி நிறுத்தும் கம்பி வளையங்களுள் ஒன்று, பட்டறையில் 'லாக்' என்பார்களே, அது பொருத்தும்போது கோணிவிட்டது. நிமிர்த்தி மாட்டிவிட்டால் என்ன? சிலிண்டரை இறக்கியபின் யார் பார்க்கப்போகிறார்கள்?

அது கழன்றால் சிலிண்டர் சுவரைக் கீறும்; எஞ்சின் பிடித்துக்கொள்ளும்; ஓடும் வண்டியின் பின்சக்கரம் நின்றுவிடக்கூடும். கழலாமலும் போகலாம். கழலாவிட்டால் நாம் குற்றமற்றவர்களா?

விளைவைக் கொண்டே செயலை அளக்க நம் மனம் விரும்புகிறது. விபத்து நேர்ந்தால் குற்றம் என்கிறோம். நேராவிட்டால் சாமர்த்தியம் என்கிறோம். ஆனால், கோணிய வளையத்தை மாட்டும் கணத்திலேயே, நாளை அவ்வண்டியில் ஏறப்போகும் தம்பியின் உயிரைவிடக் கடைவரை நடக்கும் அலுப்பைப் பெரிதாக எண்ணிவிடுகிறோம். குற்றம் அங்கேயே முடிந்துவிடுகிறது. பின்னர் விபத்து நேராதிருப்பது நற்பேறு. நற்பேறு ஒருநாளும் நற்குணம் ஆகாது.

ஆகவே கடைக்கு நடந்தோம். புதிய லாக் சில ரூபாய்தான். அந்நடை தேவையானதா, வீணானதா என்பது இனி எவருக்கும் தெரியப்போவதில்லை. தெரியாமலே போகட்டும்.