சொல்லாமல் திறக்கும் கதவு



நாம் கடைக்காரர்கள். கல்லாவைக் கண்காணிப்பது நமக்குப் பழகிய காரியம். கடையில் காமிரா பொருத்துகிறோம். காமிரா உண்டு என்று பலகையும் மாட்டுகிறோம். ஆனால் கடைப் பையன்கள் படுத்துறங்கும் அறையில் காமிரா வைக்க நம்மில் எவருக்கேனும் மனம் துணியுமா? கடையில் தெரிந்த இந்த நியாயம், வீட்டில் நம் பிள்ளைகள் விஷயத்தில் மட்டும் ஏன் மறந்துபோகிறது?

சிங்கப்பூரில் உயர்நிலைப் பள்ளி மாணவர் ஒவ்வொருவருக்கும் 2021ஆம் ஆண்டு முடிவதற்குள் படிப்புக்கென ஒரு கணினி இருக்க ஏற்பாடாயிற்று. அதில் கண்காணிப்பு மென்பொருள் ஒன்றும் ஏற்றப்பட்டது. பாட நேரத்தில் மாணவர் திரையை ஆசிரியர் பார்க்கலாம். வேண்டாத தளங்களை அடைக்கலாம். நோக்கம் நல்லதுதான். ஆயினும் எங்கள் அந்தரங்கம் என்னாவது என்று அவ்வாண்டின் தொடக்கத்தில் ஆயிரக்கணக்கானோர் விண்ணப்பத்தில் கையொப்பமிட்டனர். பின்னர் 2024 ஆகஸ்ட் 4ஆம் தேதி, யாரோ ஓர் அந்நியர் அந்த மென்பொருளின் வழியாகவே புகுந்து, 26 பள்ளிகளைச் சேர்ந்த சுமார் 13,000 மாணவரின் கருவிகளில் இருந்தவற்றைத் துடைத்துவிட்டார். கல்வி அமைச்சு அந்த மென்பொருளை அகற்றிற்று. காவலுக்குச் செய்த சாவி கள்ளன் கைக்கும் எட்டும் என்பது அன்று விளங்கிற்று.

பிறரைச் சொல்வானேன்? நாமே தவறியிருக்கிறோம். ஓரிரவு மகன் உறங்கும்போது அவன் கைப்பேசியைத் திறந்து பார்த்தோம். பாவமான காரியம் எதுவும் அதில் இல்லை. கணக்குப் பாடம் மண்டையில் ஏறவில்லை, அத்தாவிடம் சொல்லப் பயமாயிருக்கிறது என்று தோழனுக்கு எழுதியிருந்தான். மறுநாள் சாப்பாட்டு வேளையில், அவன் தங்கைமார் முன்னிலையில் அதைப் போட்டு உடைத்தோம். பிள்ளை பாதிச் சோற்றில் எழுந்து போய்விட்டான். அதன்பின் பல மாதம், சரி அத்தா என்பதற்குமேல் ஒரு வார்த்தை இல்லை. அவன் எதற்குப் பயந்தானோ, அந்தப் பயம் சரிதான் என்று நாமே நிரூபித்துவிட்டோம்!

சகோதரர்களே! துருவித் துருவி ஆராய்வதைத் திருக்குர்ஆன் ‘அல்ஹுஜுராத்’ அத்தியாயம் 12ஆம் வசனம் தடுக்கிறது. ‘அந்நூர்’ அத்தியாயம் 58, 59ஆம் வசனங்களோ, பெற்றோர் அறைக்குள் அனுமதி கேட்டு வரும்படி பிள்ளைகளுக்குக் கற்பிக்கச் சொல்கின்றன. அனுமதி கேட்கப் பிள்ளைக்குக் கற்பிப்பவர், தாம் கேளாமல் நுழையலாமா?

நெடும்பயணம் முடிந்து வருபவர், வீட்டாரைச் சந்தேகித்து அவர்கள் குறையைப் பிடிக்கும் எண்ணத்தோடு இரவில் திடீரென வந்து நிற்பதை நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவித்த இச்செய்தி ‘முஸ்லிம்’ நூலில் உள்ளது. கப்பலேறி வந்து, ஆண்டுகள் கழித்து ஊர் திரும்பியவர்களின் மக்கள் நாம். இதன் அருமை நமக்குத் தெரியாததா?

அப்படியானால் பிள்ளைகளைக் கண்டபடி விட்டுவிடுவதா என்று கேட்பீர்கள். இல்லை. ஒவ்வொருவரும் மேய்ப்பாளர், தம் பொறுப்பைப் பற்றி விசாரிக்கப்படுவார் என்பதும் நபிமொழியே. இணையத்தில் ஏமாற்றுவோரும் உண்டு, கெடுப்போரும் உண்டு. காவல் வேண்டும், வேவு வேண்டாம். மேய்ப்பவன் ஆட்டின் கண்ணெதிரே நிற்கிறான், புதரில் ஒளிந்துகொள்வதில்லை.

ஆகவே, எதைப் பார்ப்போம், ஏன் பார்ப்போம் என்பதை முன்கூட்டியே பிள்ளையிடம் சொல்லுங்கள். வயது ஏற ஏறப் பிடியைத் தளர்த்துங்கள். பள்ளியிலிருந்து கண்காணிப்புப் பற்றிய தாள் வந்தால், பிள்ளையை அருகில் வைத்துக்கொண்டு முழுவதும் படியுங்கள். ஐயமிருந்தால் ஆசிரியரைக் கேளுங்கள். சரக்குப் பத்திரத்தைப் படிக்காமல் நாம் கையெழுத்துப் போடுவதுண்டா? தப்பித்தவறிக் குறை ஏதும் கண்ணில் பட்டால், தனியே அழைத்துப் பேசுங்கள், சபையில் விரிக்காதீர்கள். பிறர் குறையை மறைப்பவரின் குறையை அல்லாஹ் மறைக்கிறான்.

ஓரிரவு இஷாவுக்குப் பின் மகனிடம் மாப்புக் கேட்டோம். அன்று அவன் பதில் பேசவில்லை. இன்னும் பழையபடி கலகலப்பாகவும் இல்லை. ஆனால் இப்போது கணக்குப் பரீட்சைத் தாளை, மதிப்பெண் குறைந்தாலும், அவனே கடைக்குக் கொண்டுவந்து காட்டுகிறான். கைப்பேசியைத் திறந்து பார்த்து நாம் அறிந்ததைவிட, அவன் வாய் திறந்து சொல்லி அறிவதே அதிகம்.

நம்மையும் நம் மக்களையும் ஒருவரையொருவர் நம்பி வாழ்வோராக வல்ல நாயன் ஆக்கியருள்வானாக! ஆமீன்.