பச்சிளங்காது

பிறந்த குழந்தைக்குப் பேச்சொலி புதிதா, பழையதா? பழையது என்றார் 5-ஆம் நூற்றாண்டின் சமஸ்கிருத இலக்கண அறிஞர் பர்த்ருஹரி. நாக்கை எங்கே வைப்பது, மூச்சை எப்படி மேலே தள்ளுவது என்று எந்தத் தாயும் சொல்லிக்கொடுப்பதில்லை; ஆனாலும் குழந்தை குரலெழுப்பிப் பார்க்கிறது. முற்பிறவிகளில் பேசிய பேச்சின் வாசனை இல்லாமல் இது நடவாது என்பது வாக்கியபதீயம் என்ற நூலில் அவர் வைத்த வாதம். வேதத்துக்குப் பொருள்காணும் மீமாம்சகர் வேறு வழியில் போனார்கள். பெரியவர் ஒருவர் 'மாட்டைக் கொண்டு வா' என்கிறார், மற்றவர் கொண்டுவருகிறார், பார்த்திருக்கும் பிள்ளை பொருளைப் பிடித்துக்கொள்கிறது. பொருளுக்கு இது சரி. அந்த ஒலிகளைப் பிள்ளை எப்படிப் பிரித்துக் கேட்டது என்பதற்கு இதில் விடை இல்லை. தொல்காப்பியரோ பிறப்பியலில், உள்ளே எழும் ஒலியின் கணக்கை மறையோருக்கு விட்டுவிட்டு, வெளியே கேட்கும் ஒலியை மட்டும் எடுத்துக்கொண்டார். ஆய்வுக்கு வசதியான வழி அதுதான்.

1971-இல் அமெரிக்காவில் பீட்டர் ஐமஸ் குழுவினர், ஒரு மாத, நான்கு மாதக் குழந்தைகளின் வாயில் ரப்பர் காம்பைக் கொடுத்து ஒரே ஒலியைத் திரும்பத் திரும்பக் கேட்க வைத்தார்கள். சலித்துப்போய்ச் சப்புவது தளர்ந்தது. 'பல்'லில் வரும் பகரம், 'பஸ்'ஸில் வரும் பகரமாக மாறியதும் சப்புவது மீண்டும் வேகம் பிடித்தது. தமிழ் ஒரே எழுத்தில் எழுதும் இரண்டையும் அந்தக் காது பிரித்துக் கேட்டது.

1984-இல் கனடாவில் ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் கண்டது இன்னும் வியப்பானது. இந்தியின் தகர டகர வேறுபாட்டை, ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகள் 6 முதல் 8 மாதத்தில் பிரித்தறிந்தன. 10 முதல் 12 மாதத்தில் பெரும்பாலும் தவறவிட்டன. ஒலியைக் கற்பதில் ஒரு பாதி, வேண்டாததைக் கேளாமல் விடுவது.

சிறுசேரி சிப்காட் வேலைக்காகப் பல மாநிலத்தார் வந்து குடியேறியிருக்கும் கேளம்பாக்கத்தில் இதை நினைத்துப் பார்ப்பது எளிது. இந்தியில் காலம், தோல், கன்னம் மூன்றுக்கும் தனித்தனிச் சொல் உண்டு. தமிழில் எழுதினால் மூன்றும் 'கால்'. பக்கத்து வீட்டுத் தமிழர் காதுக்கு முதல் இரண்டும் ஒன்றுபோலவே படும். இந்திக்காரருக்கு நம் ழகரம் பிடிபடாது. அதற்காக அவரைக் குறை சொல்லவும் முடியாது: 'வாளப்பளம்' கேட்டே வளரும் தமிழ்ப் பிள்ளைக்கும் அதே கதிதான்.

பர்த்ருஹரியின் வாசனை இதில் எங்கே நிற்கிறது? 1975-இல் பாட்ரிசியா கூலும் ஜேம்ஸ் மில்லரும் சின்சில்லா என்னும் கொறிவிலங்கைப் பழக்கிப் பார்த்தபோது, அதுவும் பேச்சொலியின் எல்லையை ஏறத்தாழ மனிதர் பிரிக்கும் இடத்திலேயே பிரித்தது. ஆகவே, முன்பு பேசியதன் மிச்சம் என்பதைவிடக் காதின் அமைப்பு என்பதே பொருந்துகிறது. அந்த விலங்குக்கும் முற்பிறவி உண்டே என்று ஒருவர் சொல்லலாம். அதை மறுக்க வழியில்லை, சோதிக்கவும் வழியில்லை.

மீமாம்சகரின் 'பெரியவர்' வேறோர் இடத்தில் ஜெயிக்கிறார். 2003-இல் கூல் குழுவினர் 9 மாத அமெரிக்கக் குழந்தைகளுக்குச் சீன மொழியைக் கேட்கச் செய்தார்கள். எதிரில் உட்கார்ந்து ஆட்கள் பேசிக் கேட்ட குழந்தைகள் 12 அமர்வுகளில் சீன ஒலிகளைப் பிரிக்கக் கற்றன. அதே ஆட்களை, அதே பேச்சை, டிவியில் பார்த்த குழந்தைகள் எதையும் கற்கவில்லை.