உண்பதற்கோர் அளவு

உடல் பருத்தவரை நோக்கி, "வாயைக் கட்டத் தெரியாதவர்" என்று நகைப்பது அறமாகுமா?

கோசல மன்னர் பசேனதி துரோண அளவு அரிசிச் சோற்றை உண்டு, மூச்சு வாங்கியபடி பகவானிடம் வந்தார். பகவான் அவரை இகழ்ந்தாரில்லை. அளவறிந்து உண்பதன் நலத்தை எடுத்துரைத்தார். மன்னரோ தம் மனவுறுதியை மட்டும் நம்பாது, அவ்வறிவுரையை உணவு வேளைதோறும் நினைவூட்டுமாறு சுதர்சனன் என்னும் இளைஞனைப் பணித்தார். நாளடைவில் ஒரு நாழியளவில் நின்றார், உடலும் இளைத்தது.

முடிமன்னருக்கே துணை வேண்டியிருந்ததெனில், இரவு வேலை முடிந்து பசியோடு வீடு திரும்பும் தொழிலாளிக்கு வேண்டாவா? ஆலையில் உழைத்த நாளில் நாமும் அளவின்றி உண்டவரே.

கேரளத்தில் வயது வந்தோருள் ஏறக்குறைய நால்வரில் ஒருவருக்கு நீரிழிவு உண்டென 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வு கூறுகிறது. 2006இல் வெளியான சென்னை ஆய்வொன்றோ நம்பிக்கை தருகிறது. நீரிழிவின் விளிம்பில் நின்றோருள், வழக்கம்போல் வாழ்ந்தவர்களில் மூன்றாண்டுக்குள் 100க்கு 55 பேரை அந்நோய் பற்றியது. நாள்தோறும் நடந்து, உணவையும் திருத்திக்கொண்டவர்களில் 39 பேரையே பற்றியது. இத்தனைக்கும் அவர்தம் எடை பெரிதும் குறையவில்லை!

ஆகவே, தராசின் முள்ளை மட்டும் நோக்கி மனம் தளரற்க. வாளையாற்றுச் சமவெளியிலாயினும் மறையூர் மலைச்சரிவிலாயினும், அயலாரை நகைப்பதை விடுத்து, "வாருங்கள், சேர்ந்து நடப்போம்" என்று அழைப்போமாக. சுதர்சனன் செய்த தொண்டு அதுவே.