உடன்படுதலும் வினையோ?

கொடைக்கானலில் ஆங்கிலேயர் 'டெவில்ஸ் கிச்சன்' என வழங்கிய குகைகளுக்கு, 1991இல் வெளிவந்த 'குணா' திரைப்படத்திற்குப் பின் 'குணா குகை' என்ற பெயரே நிலைத்துவிட்டது. அப்படத்தை இல்லத்திலிருந்தபடியே தொலைக்காட்சியில் கண்டோர் பலர், "தெய்வீகக் காதல்" எனக் கண் கலங்கக் கூறுவர். கதையிலோ மனநலம் குன்றிய ஒருவன் ஒரு பெண்ணை அவள் இசைவின்றிக் கவர்ந்து செல்கிறான். (பின்னர் அவளும் அவனை விரும்புவது கதாசிரியருக்கு உற்ற வசதி!)

செய்தல், செய்வித்தல், உடன்படல் என வினை மூவகைத்து என்பர் நம் பெரியோர். எனின், திரையில் நிகழும் தீங்கிற்கு நாம் நல்கும் உடன்பாடு எதில் சேரும்? வெறும் நடிப்பென்று தள்ள இயலவில்லை. புலால் சமைக்கும் காட்சி வரின் முகஞ்சுளிக்கிறோமன்றோ? குணாவின்பால் இரங்குதல் வேறு. அவன் செயலைப் போற்றுதல் வேறு.

இதன் மறுபக்கமும் உண்டு. 2006இல் அக்குகைப் பிளவில் வீழ்ந்த இளைஞரை, கயிறு கட்டி இறங்கிய நண்பர் மீட்டார். 2024இல் அந்நிகழ்ச்சி 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' எனும் மலையாளப் படமாயிற்று. அதனை வீட்டில் பார்த்துக்கொண்டிருக்கையில், "தடையை மீறியவர்க்கு இது வேண்டியதுதான்" என்று குரல்கள் எழுந்தன. "அப்படியானால் அவரை மேலே கொண்டுவந்திருக்கக் கூடாதா?" என்றான் அருகிருந்த சிறுவன். எவரும் விடை பகரவில்லை. அக்குரல்களுள் நம்முடையதும் ஒன்று.