தூதுவளையும் பதவி உயர்வும்



நம் உறவில் ஓர் இளைஞர் வங்கியில் கிடைத்த பதவி உயர்வை வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டார். உயர்வோடு வெளியூர் மாற்றலும் வருமே! அத்தகைய மாற்றல்களை ஒன்றுவிடாமல் ஏற்ற நாம், ‘இக்காலத்துப் பிள்ளைகளுக்கு ஊக்கமில்லை’ என்று கடிந்துரைத்தோம்.

அன்றிரவு ஆளவந்தார் வைபவம் நினைவுக்கு வந்தது. ஆக்கியாழ்வானை வாதில் வென்று பாதி ராஜ்யம் பெற்றவர் அவர். அவரைக் காண வழியின்றி மணக்கால் நம்பி ஆறு மாதம் அரண்மனை மடைப்பள்ளிக்குத் தூதுவளைக் கீரை கொடுத்து வந்தார், பிறகு நிறுத்தினார். கீரை எங்கே என்று ஆளவந்தார் வினவிய பின்பே வாசல் திறந்தது. நம்பி கீதையின் பொருளை உபதேசித்தார். பாட்டனார் நாதமுனிகள் வைத்துச் சென்ற நிதி இதுவென்று திருவரங்கத்தில் பெரிய பெருமாளைக் காட்டியருளினார். ராஜ்யம் தானே நழுவியது.

ஆனால் ஆளவந்தார் உழைப்பை விடவில்லை. தர்சனத்தை நிர்வகித்தார், க்ரந்தங்கள் அருளிச்செய்தார். எனவே பதவியை மறுப்பது மட்டும் வைராக்யமாகாது. சோம்பலும் ‘வேண்டாம்’ என்றே சொல்லும். இளைஞர் எவ்வகை என்று ஐயுற்றோம். தாயாருக்குப் பார்வை மங்கிவிட்டது. நாள்தோறும் மாலையில் அருகமர்ந்து திருவாய்மொழி சேவிக்கிறார் என்று பின்னரே தெரிந்தது.

நாம் ஏறிய படிகளெல்லாம் எவருடைய உகப்புக்காக? தகப்பனார் சந்தை சொல்லித்தர அழைத்தபோதெல்லாம் ஆண்டிறுதிக் கணக்கைக் காட்டி ஒதுங்கினோம். ஓய்வுபெற்றபின் அமர்ந்தோம், பத்துப் பாசுரம் மனத்தில் நிற்க ஒரு மாதம் ஆகிறது. பிழை திருத்துபவர் அவ்விளைஞரே.