பெயர்த்து நடுவோரின் கடமை

நாற்றங்காலில் வளர்ந்த நாற்றைப் பிடுங்கி வயலில் நடுவது உழவனின் தொழில். நாற்றாக நின்றதும் பின்னர்க் கதிர் ஈன்றதும் ஒரே பயிர்தானா என்று எவரும் ஐயுறுவதில்லை. வேர் ஒன்றாயிருப்பதே அதற்குச் சான்று. ஆனால் மனிதன் ஆக்கிய படைப்பொன்றினை அது தோன்றிய சூழலிலிருந்து பெயர்த்து வேறொரு சூழலில் அமைக்கும்போது, வேர் எனச் சுட்டத்தக்கது யாது? பெயர்ப்பவன் எதற்குக் கடமைப்பட்டவன்? மொழிபெயர்ப்பாளர் நெடுங்காலமாக எதிர்கொண்டுவரும் இவ்வினா, கணினிச் செய்நிரல்களை ஒரு பணிசெயல் முறைமையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றியமைப்போர் முன்னும் இன்று நிற்கின்றது. அது தொழில்நுட்ப வினா மாத்திரமன்று. அறவியல் சார்ந்த வினாவுமாகும்.

செய்நிரல் எதுவும் பொதுவாகத் தனித்து இயங்குவதில்லை. விசைப்பலகையிலிருந்து எழுத்தைப் பெறுதல், திரையில் எழுத்தைக் காட்டுதல், கோப்பைத் திறத்தல் ஆகியவற்றுக்கு அது பணிசெயல் முறைமையையே சார்ந்து நிற்கின்றது. படமோ ஒலியோ இன்றி எழுத்தை மட்டுமே வாங்கி எழுத்தை மட்டுமே தரும் செய்நிரல்களைப் பெயர்ப்பது எளிது என்று தோன்றலாம். உண்மையில் அங்கும் முரண்பாடுகள் பல. வரியின் முடிவினை யுனிக்ஸ் ஒரு குறியாலும், டொஸ், விண்டோஸ் ஆகியவை இரு குறிகளாலும் காட்டுவன. தொடக்ககால மக்கின்டொஷ் வேறொரு தனிக்குறியைக் கொண்டது. கோப்பின் பெயரில் ஆங்கிலப் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் யுனிக்ஸ் வேறுவேறாகக் கொள்ளும். விண்டோஸ் பொதுவாக அவ்வாறு கொள்வதில்லை. இத்தகைய வேறுபாடுகளைச் சரிசெய்தல் கைத்திறன் சார்ந்தது. அறவினா எழுவது, செய்நிரல் இயங்கத் தொடங்கிய பின்னரே.

இதனை விளக்குதற்கு ஏற்ற எடுத்துக்காட்டு 'அட்வென்ச்சர்' என்னும் எழுத்துவழி விளையாட்டாகும். அமெரிக்காவின் கென்ரக்கி மாநிலத்திலுள்ள மம்மத் குகைத்தொகுதியை ஆராய்ந்தோருள் ஒருவரான வில்லியம் கிறவுதர் என்னும் செய்நிரலாளர், 1975 – 1976 காலப்பகுதியில் தம் பிள்ளைகளை மனத்திற்கொண்டு இதனை எழுதினார். பீடிபி-10 என்னும் பெருங்கணினியில் போர்ட்ரான் மொழியில் அமைந்த அச்செய்நிரல், குகையின் ஒவ்வோர் இடத்தையும் சொற்களால் வருணிக்கும். ஆடுபவர் ஓரிரு சொற்களைத் தட்டெழுதி உள்ளே நகர்வார். 1977 இல் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழக மாணவரான டொன் வூட்ஸ் அதனை விரித்தெழுதினார். அதே ஆண்டில் ஜிம் கிலொக்லி அதனைச் சீ மொழியில் யுனிக்ஸ் முறைமைக்குப் பெயர்த்தார். 1981 இல் ஐபிஎம் தனியாள் கணினிக்கும் அது வந்து சேர்ந்தது. பின்னர் அது சென்று சேராத முறைமை அரிது எனலாம்.

இப்பயணத்தில் ஒரு சிறு செய்தி ஆழ்ந்து நோக்கத்தக்கது. பீடிபி-10 கணினியின் நினைவகச் சொல் ஒன்று 36 பிட்டுகளைக் கொண்டது. ஓர் எழுத்துக்கு 7 பிட்டு என அதில் ஐந்து எழுத்துகள் அடங்கும். ஆகவே செய்நிரல் ஆடுபவரின் சொல்லில் முதல் ஐந்து எழுத்துகளை மட்டுமே நோக்கிற்று. வடக்கையும் வடகிழக்கையும் குறிக்கும் ஆங்கிலச் சொற்கள் முதல் ஐந்தெழுத்தில் ஒன்றாகவே இருப்பதால், வடகிழக்கை இரண்டெழுத்துச் சுருக்கமாகவே எழுதவேண்டும் என விளையாட்டின் அறிவுரைப் பகுதி எச்சரிக்கும். யுனிக்ஸ் கணினிகளுக்கு இக்கட்டுப்பாடு இல்லை. எனினும் கிலொக்லியின் பெயர்ப்பிலும் ஐந்தெழுத்து ஒப்பீடே தொடர்ந்தது.

இது பழைய இயந்திரத்தின் ஊனமா, அல்லது படைப்பின் உறுப்பா? ஊனம் எனில் நீக்குவதே தகும். ஆயின் அதனை நீக்கியதும் அறிவுரைப் பகுதியிலுள்ள எச்சரிக்கை பொய்யாகிவிடும். பொய்யை விட்டுவைத்தல் ஆகாது என்று அவ்வாக்கியத்தையும் நீக்கினால், ஆசிரியர் எழுதிய பனுவலிலேயே கைவைத்ததாகும். ஒரு நூலை இழுக்க ஆடையே நெகிழ்வதைப் போன்றது இது. இயந்திரத்தின் எல்லை எங்கே முடிந்தது, ஆசிரியரின் கருத்து எங்கே தொடங்கிற்று என்று கோடு கிழித்தல் எளிதன்று.

வசதி செய்து கொடுக்க விழையும் நல்லெண்ணமும் ஆபத்தற்றதன்று. 1984 இல் வெளிவந்த மக்கின்டொஷ், கட்டளைகளைத் தட்டெழுதும் வழக்கத்தையே விலக்கி, சாளரம், பட்டி, சுட்டி ஆகியவற்றால் இயங்கிய முறைமை. அத்தகைய முறைமைக்கு எழுத்துவழி விளையாட்டொன்றைக் கொண்டுவருபவர், செல்லுபடியாகும் சொற்கள் யாவற்றையும் பட்டியில் அடுக்கிவைத்து, ஆடுபவர் சுட்டியால் தெரிவுசெய்யலாம் என ஏற்பாடு செய்யக்கூடும். புதிய சூழலுக்கு அது மிகப் பொருத்தமானதே. ஆனால் எந்தச் சொல்லைச் சொல்வது என ஆடுபவர் தாமே சிந்தித்துக் கண்டடைவதன்றோ அவ்விளையாட்டின் உயிர்? விடுகதையை விடையோடு சேர்த்துச் சொல்பவன் விடுகதை சொன்னவனாகான். வரியொன்றும் பிழையாமல் பெயர்த்தும் படைப்பைக் கொன்றுவிட முடியும் என்பது இதனாற் பெறப்படும்.

மெய்யியலார் இதனையொத்த சிக்கலை முன்னரே ஆராய்ந்துள்ளனர். தீசியஸ் என்பானின் கப்பலில் பழுதுற்ற பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றி, ஈற்றில் பழைய பலகை ஒன்றேனும் எஞ்சாதபோது அது அதே கப்பல்தானா என்ற வினாவைப் புளூட்டார்க் குறித்துவைத்தார். பதினேழாம் நூற்றாண்டில் தோமஸ் ஹொப்ஸ் அதற்கு மேலும் ஒரு முடிச்சிட்டார். கழிக்கப்பட்ட பலகைகளை ஒருவன் சேர்த்துவைத்துப் பழைய ஒழுங்கிலேயே மீண்டும் கப்பலாகக் கட்டுவானாயின், இரண்டில் எது தீசியஸின் கப்பல்?

அட்வென்ச்சர் விளையாட்டின் வரலாற்றில் ஹொப்ஸின் கற்பனை மெய்யாகவே நிகழ்ந்தது. வூட்ஸின் விரிவாக்கமே எங்கும் பரவியமையால் கிறவுதரின் மூலம் மறைந்துபோயிற்று. அது முற்றாக அழிந்ததென்றே பலரும் கருதினர். கிறவுதர் எழுதியது குகையின் இயல்பான வருணனை மாத்திரமே, மாயமும் கற்பனையும் பின்னவர் சேர்த்தவை என்ற கருத்தும் நிலவிற்று. ஸ்ரான்போர்டில் வூட்ஸின் மாணவர்காலக் கணக்கினது காப்புப் பிரதியிலிருந்து 2005 இல் மூலம் மீட்கப்பட்டது. அதனை ஆராய்ந்து டெனிஸ் ஜேர்ஸ் என்னும் ஆய்வாளர் 2007 இல் கட்டுரை வெளியிட்டார். மாயக் கூறுகள் சில கிறவுதரின் மூலத்திலேயே இருந்தன என்பது அப்போதுதான் தெளிவாயிற்று. மூலம் கிட்டாதவரை, ஒருவர் செய்ததை இன்னொருவர்க்கு உரியதாக உலகம் எண்ணியிருந்தது. மூலத்தைப் பேணாமை ஆசிரியர்க்கு இழைக்கப்படும் அநீதியாகவும் முடியலாம் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

இதற்கு மறுப்புரைப்போர் உளர். பயன்பாடே செய்நிரலின் உயிர். பயன்படாத மூலம் பிணத்துக்கு ஒப்பானது என்பர் அவர். இவ்வாதத்தில் உண்மை இல்லாமலில்லை. பீடிபி-10 வகைக் கணினிகளின் மேம்பாட்டை அதன் உற்பத்தியாளர் 1983 இல் கைவிட்டனர். பெயர்ப்போர் இல்லாதிருந்தால் அவ்விளையாட்டு அக்கணினிகளுடனேயே மாண்டிருக்கும். பெயர்ப்பவன் படைப்பைக் காப்பவனே என்பதை மறுத்தலாகாது. ஆயின் காத்தவன் என்ற உரிமை, காக்கப்பட்டதைத் தன் விருப்பப்படி திருத்தும் உரிமையாகிவிடுமா? ஆற்றில் விழுந்த குழந்தையை மீட்டவன் அக்குழந்தைக்கு வேறு பெயர் சூட்டும் உரிமை பெறுவதில்லை.

முறைமைகளின் பன்மையை முன்கூட்டியே உணர்ந்து வேறு வழி கண்டோரும் உண்டு. 1979 இல் இன்போகொம் நிறுவனத்தைச் சேர்ந்த ஜோயல் பெரெஸ், மார்க் பிளாங்க் ஆகியோர் உலகில் எங்கும் இல்லாத ஒரு கற்பனைக் கணினியை வகுத்தனர். 'ஸோர்க்' முதலிய விளையாட்டுகள் அக்கற்பனைக் கணினிக்கென்றே ஆக்கப்பட்டன. ஒவ்வொரு மெய்க்கணினிக்கும் அதனைப் போன்று நடிக்கும் ஒரு செய்நிரல் இருந்தாற் போதும். விளையாட்டின் எழுத்தொன்றையும் தொடவேண்டியதில்லை. தாய்மண்ணோடு அகழ்ந்தெடுத்து நடுவதை ஒத்த உபாயம் இது. அவ்விளையாட்டுகள் இன்றைய கணினிகளிலும் இயங்குவது அதனாலேயே. எனினும் இத்தகைய தூரநோக்கு ஆக்கியோரிடமே இருத்தல் வேண்டும். அஃதில்லாத படைப்புகளைப் பொறுத்தவரை, பொறுப்பு முழுவதும் பெயர்ப்பவன் தோள்மேலேயே விழுகின்றது.

அப்பொறுப்பினை மூன்றாக வகுக்கலாம். முதலாவது, கேட்டல். வூட்ஸ் கிறவுதரின் இருப்பிடம் அறியாதவராய், அக்கால ஆர்ப்பாநெற் வலையமைப்பில் இணைந்திருந்த கணினிகள்தோறும் அப்பெயருக்கு மடல் விடுத்து, அவரைக் கண்டு இசைவு பெற்ற பின்னரே விரித்தெழுதினார். சட்டம் வற்புறுத்தாத இடத்தும் ஆசிரியனைத் தேடிச் செல்லும் மனமே இங்கு மதிக்கத்தக்கது. இரண்டாவது, சொல்லுதல். எதனை மாற்றினேன், ஏன் மாற்றினேன் எனப் பெயர்ப்பவன் வெளிப்படக் கூறவேண்டும். ஏட்டுச்சுவடிகளை ஒப்புநோக்கிப் பதிப்பிக்கும் அறிஞர் பாடபேதங்களை அடிக்குறிப்பிற் காட்டுவதும் இந்நேர்மையின்பாற்பட்டதே. மூன்றாவது, பேணுதல். மாற்றத்தை விரும்பாதவர் பழையதை அடைவதற்கு வழி அடைபடலாகாது. எரிக் ரேமண்ட் 2017 இல் கிறவுதர், வூட்ஸ் இருவரது இசைவுடனும் இக்காலச் சீ மொழியில் அவ்விளையாட்டைப் புதுப்பித்து வெளியிட்டபோது, பழைய இடைமுகத்தையே வேண்டுவோர்க்கென ஒரு தெரிவையும் உள்ளே அமைத்தார். புதுமைக்கும் பழமைக்கும் ஒருங்கே இடமளித்தல் இயலும் என்பதை அது காட்டுகின்றது.

மாறாமல் எதுவும் நிலைப்பதில்லை. ஆகவே பெயர்ப்பவன் மாற்றாதிருக்க வேண்டும் என்று கோருதல் பொருந்தாது. அவனிடம் கோரத்தக்கது மறையாமை ஒன்றே. மறைத்துச் செய்த திருத்தம், எத்துணைச் சிறந்ததாயினும், முன்னவன் குரலைத் திருடித் தன் குரலாக்குகின்றது அல்லது தன் குரலை முன்னவன் வாயில் திணிக்கின்றது. சொல்லிச் செய்த திருத்தமோ, பின்வருவோர் இரண்டையும் அருகருகே வைத்து நோக்கித் தாமே தீர்ப்புக் கூற இடமளிக்கின்றது. இரு கப்பல்களும் துறைமுகத்தில் நிற்கட்டும். எது எவருடைய கைவண்ணம் என்பது மட்டும் அவற்றின்மேல் தெளிவாகப் பொறிக்கப்பட்டிருக்கட்டும்.